வீடியோவில் வந்த கருடன்

கெல்சென்கிர்ச்சன்
ஜெர்மனி
7 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சி தேனுஜாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வாட்ஸ்அப்பில் நீ என்னை மறித்துவிட்டபடியால் கூடப் பிறந்தவளுக்கு முத்திரை ஒட்டி எழுத வேண்டிய காலம் வந்திருக்கிறது. சந்தோஷம்.

ஆரணி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு மே பதினேழு. உனக்கு இருக்கிறது அந்த ஒரு பெறாமகள்தான். பிள்ளை வள்ளத்தில் வந்து இறங்குகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்கிறார் வீடியோக்காரர் ஜெயகாந்த். நான் உன் ஏரியை நினைத்தேன். போன வருஷம் நீ அனுப்பிய படத்தில் வெள்ளைத் தலையோடு ஒரு கருடன் இருந்ததே! அது பிள்ளைக்கு மேலே வட்டமிட்டால் எவ்வளவு மங்களம்! ட்ரோனை மேலே விட்டால் அதுவும் எழும்பி வருமாம். மே மூன்றாம் தேதி வருகிறோம். கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, நாளும் நேரமும் குறித்து டெர்மின் எடுத்து வை.

உன் அக்கா,
சிவசக்தி

கிளைன் ரோடன்
17 ஏப்ரல்

அக்கா,

வர வேண்டாம்.

அது கருடன் இல்லை, விராலடிப்பான். மீன் பிடித்துத் தின்னும் பறவை. குளிர்காலத்தை ஆபிரிக்காவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் இந்த ஏரிக்கரை மின்கோபுரத்தின் உச்சியில் இருக்கும் அதே கூட்டுக்குத் திரும்பி வருகிறது. நேற்றிலிருந்து பேடு எழும்பவில்லை, முட்டை இட்டிருக்கிறது. அந்தக் கூட்டுக்குக் காவல் இருக்கும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்தப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. ட்ரோன் வந்தால் பேடு எழும்பும். அது எழும்புவதற்காகக் காகங்கள் காத்திருக்கின்றன.

ஆரணியிடம் கேட்டாயா? வகுப்புப் பிள்ளைகள் அந்த வீடியோவைப் பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருப்பதாக அவள் என்னிடம் போனில் சொன்னாள். எனக்குத் தெரிகிறது. உனக்குத் தெரியவில்லையா?

தேனுஜா

கெல்சென்கிர்ச்சன்
24 ஏப்ரல்

தேனுஜாவுக்கு,

வர வேண்டாம் என்று சொல்ல, ஏரியை உனக்கு யார் சீதனம் தந்தது?

என் பிள்ளையின் மனம் எனக்குத் தெரியும். அவளுக்குச் சோறு போட்டு வளர்க்கிறது நான். நீ கரண்ட் கம்பத்துக்குக் கீழே குந்தியிருந்து எதுவோ ஒரு பறவையின் முட்டைக்குக் காவல். உனக்கென்று ஒன்று இருந்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் ஆடமாட்டாய்.

கருடன் எது என்று எனக்குப் படிப்பிக்க வராதே. புத்தகம் புத்தகமாக வாசித்து மனிதரை விட்டுத் தூரம் போய்விட்டாய். கும்பாபிஷேகத்தில் இவ்வளவு சனமும் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறது பின்னே எதை, காகத்தையா?

நாங்கள் வாறம். விருப்பமில்லாவிட்டால் யன்னலைச் சாத்திக்கொண்டு இரு.

சிவசக்தி

கிளைன் ரோடன்
5 மே

சிவசக்திக்கு,

நேற்று முன்தினம் நடந்ததை நீ வள்ளத்தில் இருந்து பார்த்தாய். நான் கரையில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

நான் கத்தினேன். வரவேற்கிறேன் என்று நினைத்தவள்போல நீ கையசைத்தாய். ஜெயகாந்த் ட்ரோனைக் கோபுரத்துக்கு மேலே ஏற்றினார். பேடு எழும்பி, அதைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கால்களை நீட்டிக்கொண்டு அடிக்கப் பாய்ந்தது. "அக்கா, பாருங்கோ, ஆசீர்வதிக்குது!" என்று அவர் சொன்னது தண்ணீருக்கு மேலால் தெளிவாகக் கேட்டது. "இன்னும் கிட்டக் கொண்டுபோங்கோ தம்பி" என்றாய் நீ.

காகங்கள் கூட்டில் இறங்கியபோது நீங்கள் எல்லாரும் ட்ரோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆரணி மட்டும் கூட்டைப் பார்த்தாள். வள்ளம் ஆட ஆட எழும்பி நின்றவளைத் தோளில் அமத்தி இருத்தினாய்.

முட்டைகள் போய்விட்டன. இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்திருக்கிறேன். ஜெயகாந்தின் பெயரையும் உன் பெயரையும் நானே கொடுத்தேன். பிழை வரக் கூடாது என்பதற்காக உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

தேனுஜா

கெல்சென்கிர்ச்சன்
20 மே

உன் அலுவலகக் கடிதம் வந்து சேர்ந்தது. சாமத்தியவீட்டுக்கு முதல் நாள், பூமாலைகள் வந்து இறங்குகிற நேரம்.

காட்டிக்கொடுத்த கை என் பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கத் தேவையில்லை. உனக்கு வாங்கி வைத்திருந்த சேலையைப் பக்கத்து வீட்டு ஜசிந்தாவுக்குக் கொடுத்தேன். அவளுக்கு நல்ல வடிவாக இருந்தது. நீ வராத குறை ஒருவருக்கும் தெரியவில்லை.

மண்டபத்தில் வீடியோ போட்டோம். கருடன் வந்த இடத்தில் முழுச் சனமும் கைதட்டியது. கோயில் தலைவர் பாலச்சந்திரன் அண்ணை எழும்பி நின்று கும்பிட்டார். "திருப்பிப் போடுங்கோ" என்றார்கள். போட்டோம்.

இரண்டாம் தரம் போடும்போது ஆரணி மணவறை மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள். அவ்வளவு நகையோடும் கார்களுக்கு நடுவில் போய் நின்றாள். கூப்பிட்டேன். "அம்மா, அது அண்டைக்குக் கத்தினது. நீங்கள் பாட்டுப் போட்டு மூடியிருக்கிறியள்" என்றாள்.

நல்லாய்ப் படிப்பித்திருக்கிறாய். இனி எழுதாதே.

கிளைன் ரோடன்
12 ஜூன்

சிவசக்திக்கு,

எழுதாதே என்றாய். ஆரணி கேட்டதால் எழுதுகிறேன். அவளுடைய போனில் என் எண்ணை நீ மறித்து வைத்திருப்பதால், அந்தச் சேலை கட்டிய ஜசிந்தாவின் போனிலிருந்து அழைத்தாள். பறவைகள் என்ன செய்கின்றன என்று கேட்டாள். நீயும் அறிந்துகொள்.

அவை போகவில்லை. அடுத்த கோபுரத்தில் இன்னொரு கூடு கட்டுகின்றன. காலம் பிந்திவிட்டது, இந்த வருடம் இனி முட்டை வராது. ஆனாலும் சுள்ளி சுமக்கின்றன. முட்டையைப் பறிகொடுத்த சோடிகள் இப்படிச் செய்வதுண்டு. இதில் உனக்கு மன்னிப்பு எதையும் தேடாதே. "உனக்கென்று ஒன்று" என்று நீ எழுதியதை நான் மறக்கப் போவதில்லை.

விடுமுறைக்கு இங்கே வர ஆரணி விரும்புகிறாள். அனுப்பு. ரயில் நிலையத்தில் நான் நிற்பேன். நீ வர வேண்டாம்.

தேனுஜா

கெல்சென்கிர்ச்சன்
4 ஜூலை

ஜூலை பதினாலாம் தேதி, பிற்பகல் ரயில். ஹம்பர்க் வரை ஜசிந்தா கூட்டிவருவாள். நான் அனுப்பவில்லை, ஆரணி தானாகத்தான் வருகிறாள்.

அவளுக்கு நீந்தத் தெரியாது. ஏரிப் பக்கம் தனிய விடாதே. பால் ஒத்துக்கொள்ளாது.

வள்ளத்தில் வைத்திருந்த கமராவில் பதிந்ததை, பாட்டு இல்லாமல் ஒருக்கால் போடச் சொல்லி ஜெயகாந்திடம் கேட்டேன். போட்டார். முழுவதும் கேட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே.

ஆரணியின் அம்மா