இலுப்பை மரத்து மருந்து

சிங்கவரம்,
10.11.2024

அன்பு மகள் கலைமதிக்கு, உன் நைனா ஆதிமூலம் எழுதுவது. மூச்சு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இங்கே நலம்.

போனில் பேசு பேசு என்கிறாய். ரெண்டு வார்த்தை பேசினால் நாலு இருமல் வருகிறது. அதைக் கேட்டு நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறாய். எதற்கு இந்தக் கூத்து என்றுதான் தாளை எடுத்துவிட்டேன். ஹைதராபாத்தில் உட்கார்ந்து உலகத்துக் கிருமியெல்லாம் ஆராய்ச்சி பண்ணுகிறவளுக்குப் பெற்றவனுக்கு நாலு வரி எழுதவா நேரமில்லை?

உன் அம்மா போன பிறகு பனிக்காலம் என்றாலே பயமாக இருக்கிறது. படுத்தால் இழுப்பு. சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூக்கம். இங்கே மல்லாட்டைக் கடலை விதைப்புக்கு உழுதுகொண்டிருக்கிறார்கள். ஏரிக்கரை இலுப்பை மரத்தில் இந்த வருஷம் பழந்தின்னி வௌவால் கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறது. நான் லைன்மேனாக இருந்த காலத்தில் கம்பியில் மாட்டிச் செத்ததை எத்தனையோ எடுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது என் வேலையைப் பார்க்கிற வீரமணிக்குத்தான் அந்தத் தலைவலி.

வேளைக்குச் சாப்பிடு.
உன் நைனா

ஹைதராபாத்,
19.11.2024

அன்புள்ள நைனாவுக்கு,

இதோ எழுதிவிட்டேன், போதுமா? இன்ஹேலரை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் ஒழுங்காக இழு. தீர்ந்துபோகும் என்று நீ மிச்சம் பிடிப்பதை நம் ஊர் நர்ஸ் ஜெயசுதா சிஸ்டர் என்னிடம் சொல்லிவிட்டார்.

நீ வௌவாலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக நான் செய்கிற வேலையே அதுதான். என் குழுவிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். சாயங்காலம் மரத்தடியில் பிளாஸ்டிக் படுதா விரித்து, விடியற்காலையில் அதில் விழுந்திருப்பதைச் சேகரித்துக்கொண்டு போவார்கள். நம் வீட்டு மாடி அறையை அவர்களுக்குக் கொடு. நீ மட்டும் படுதா பக்கம் போகாதே.

எதற்கு என்று ஊரில் கேட்டால் ஆராய்ச்சி என்று மட்டும் சொல். விஷயம் வெளியே போனால் மரம் மிஞ்சாது. வேறொரு ஊரில் பட்டிருக்கிறோம். நீயும் என்னைக் கேட்காதே நைனா. நேரம் வரும்போது உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

அன்புடன்,
மதி

சிங்கவரம்,
8.12.2024

அன்பு மகளுக்கு,

உன் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் சோற்றில் காரமே கூடாதாம். விடியற்காலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார்களே, ஊரே ஏரிக்கரையில் கூடிவிட்டது. "இன்னா மாமா இது, பேய் மாதிரி நிக்கிறாங்க?" என்று வீரமணி கேட்டான். "மருந்துல மனுஷன் அழுக்கு ஒட்டக் கூடாதுல்ல, அதான்டா மூடிக்கினு இருக்காங்க" என்றேன். எப்படிச் சமாளித்தேன் பார்!

முறைக்காதே. ஏதாவது சொன்னால்தானே விடுவார்கள்? கொரோனா சமயத்தில் நீ ஊசி மருந்துக்காக ராப்பகலாய் உழைத்தது ஊருக்கே தெரியும். வௌவால் இழுப்புக்குக் கேட்கும் என்பது செஞ்சிக் கோட்டை கட்டுவதற்கு முன்னாலிருந்து பேச்சு. ரெண்டையும் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கும் ஒன்று தோன்றுகிறது. எத்தனையோ ஊர் இருக்க, நீ நம் ஊர் மரத்தைப் பிடித்தது யாருடைய மூச்சுக்காக என்று இந்தக் கிழவனுக்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம்.

நைனா

ஹைதராபாத்,
6.1.2025

நைனா,

அவசரமாக எழுதுகிறேன். முடிவு வந்திருக்கிறது. இன்னொரு இடத்திலும் சோதித்து உறுதி செய்யும் வரை யாரிடமும் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீட்டு ஆட்களிடம்கூட. ஒன்று மட்டும் கேள். நீ அந்த மரத்துப் பக்கம் போகாதே. விழுந்து கிடக்கிற பழத்தைத் தொடாதே, யாரையும் தொட விடாதே. ஏன் என்று இப்போது கேட்காதே.

போன கடிதத்தில் என்னென்னவோ எழுதியிருந்தாய். நேரில் வந்து சண்டை போட்டுக்கொள்கிறேன். இந்தப் பொங்கலுக்கு லீவு இல்லை. எனக்கு ஏனோ மனசு சரியில்லை.

மதி

சிங்கவரம்,
21.1.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து வாங்குகிற அளவுக்குப் பெரிய மருந்தா! உச்சி குளிர்ந்துபோய்விட்டது. நான் மரத்துப் பக்கமே போகவில்லை, உன் மேல் சத்தியம். அதுவாகத்தான் என்னைத் தேடி வந்தது.

பொங்கலன்று காலையில் நம் தெருக் கம்பியில் ஒன்று மாட்டிக்கொண்டது. வீரமணி இறக்கிக்கொண்டு வந்தான், உடம்புச் சூடுகூட ஆறவில்லை. "மதி அக்கா மருந்து வீடு தேடி வந்துட்டுது மாமா" என்றான். நானே அறுத்தேன். அவன் பிடித்துக்கொண்டான். ரத்தத்தை அப்படியே பச்சையாகக் குடித்தேன், கறியை மிளகு போட்டு ரசம் வைத்தேன். நம்பமாட்டாய் மதி, அன்றைக்கு மல்லாந்து படுத்துத் தூங்கினேன்! எத்தனை வருஷமாயிற்று! விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், உன் ஞாபகமாக இருந்தது.

சந்தோஷத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், திட்டாதே. செஞ்சி தாண்டி அனந்தபுரத்திலிருந்துகூட இழுப்புக்காரர்கள் வந்து விசாரிக்கிறார்கள். மரத்தில் வலை கட்டப் போகிறார்களாம்.

நேற்றிலிருந்து லேசாகக் காய்ச்சல், தலை வெடிக்கிறது. பனிதான். ஜெயசுதா சிஸ்டர் மாத்திரை கொடுத்தார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நைனா

விழுப்புரம், மருத்துவமனை வாசல்,
25.1.2025

என் நைனாவுக்கு,

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி உன்னால் பேச முடியாது என்றார்கள், அதனால் எழுதுகிறேன். இந்தத் தாள் உள்ளே வரும். உள்ளே இருக்கிற தாள் வெளியே வராது. பதில் எழுதினால் வார்டு சிஸ்டர் கண்ணாடியில் ஒட்டிக் காட்டுவார்.

உன் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே போன் செய்தேன். நீ ஆம்புலன்சில் போய்க்கொண்டிருப்பதாக ஜெயசுதா சொன்னார்.

அது மருந்தில்லை நைனா. அந்த மரத்தில் இருப்பது கிருமி. வௌவாலை ஒன்றும் செய்யாது, மனிதனுக்கு வந்தால் மூளைக்கு ஏறும். என் ஆட்கள் உடுப்பு போட்டது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. கொதித்த ரசம் ஒன்றும் செய்திருக்காது. பச்சை ரத்தமும் அறுத்த கையும்தான். இதை நவம்பரிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பெற்ற அப்பனிடம் வாயை மூடிக்கொண்டேன். பாவி நான்!

இப்போது ஊர் போய்விட்டுத்தான் வந்தேன். வலை கட்டிவிட்டார்கள். "பெரிய மனுஷனுங்களுக்கு மட்டும் மருந்து, எங்களுக்குன்னா கிருமியா? உங்க நைனா மல்லாந்து தூங்குனாரே" என்று வலை கட்டியவர்களில் மூத்தவர் தனகோட்டி என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அதிகாரிகள் வந்தார்கள், அவர்களையும் விரட்டிவிட்டார்கள். ராத்திரி காவலுக்கு ஆள் போட்டாலும் எத்தனை நாளைக்கு?

நாளைக்குக் கரண்டு இருக்காது என்று பஞ்சாயத்து போர்டில் நீ எழுதிப் போட்டால் மறுபேச்சில்லாமல் ஊரே தண்ணீர் பிடித்து வைக்கும். உன் கையெழுத்தைத்தான் நம்புவார்கள். எழுதிக் கொடு நைனா. முடியுமா?

மதி

26.1.2025

அறிவிப்பு

சிங்கவரம் ஊராருக்கு ஆதிமூலம் எழுதுவது. இலுப்பை மரத்து வௌவாலை யாரும் தொட வேண்டாம். அது மருந்தில்லை, கிருமி. என் மகள் ஆரம்பத்திலேயே என்னிடம் தெளிவாகச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி உங்களிடம் மருந்து என்றதும் நான்தான். அறுந்து விழுந்த கம்பியிடம் எட்டி நிற்பதுபோல நில்லுங்கள். வலையை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள், அதிகாரிகள் அவிழ்ப்பார்கள்.
ஆதிமூலம், லைன்மேன்

மதி, இதுவரைக்கும் போட்டோ எடுத்து ஒட்டு. ஒரு எழுத்தும் மாற்றாதே. நீ என்னிடம் சொல்லவில்லை என்று தெரிந்தால் நாளைக்கு நீ எதைச் சொன்னாலும் எவனும் கேட்கமாட்டான். நான் பொய்யனாக இருந்துவிட்டுப் போகிறேன். நீ ஊசி போட வந்தால் அவர்கள் கை நீட்ட வேண்டும்.

வீரமணியைப் பார். நான் அறுக்கும்போது அவன்தான் அதன் காலைப் பிடித்தான், இறக்கையைப் பிடித்தான். வௌவால்

விழுப்புரம்,
28.1.2025

நைனா,

உன்னால் இப்போது கண் திறக்க முடியவில்லை என்கிறார்கள். காது கேட்கும் என்கிறார்கள். சிஸ்டர் இதை உனக்குப் படித்துக் காட்டுவார்.

நீ எழுதியதைப் பெரிதாக அச்செடுத்து போர்டில் ஒட்டினேன். மாற்றவில்லை. தனகோட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். முடித்ததும் என்னைப் பார்த்து, "பொண்ணு அவ்ளோ சொல்லியும் கேக்காம போயிட்டாரேம்மா" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மரத்தடியில் இப்போது யாரும் இல்லை.

அந்தப் பொய்யை நீ வந்துதான் திருத்த வேண்டும். நான் போர்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், நீ உண்மையை எழுது. ஊரே என்னைத் திட்டட்டும்.

வீரமணியைத் தேடிப் போனேன். கம்பத்தின் மேல் வேலையாக இருந்தான். "ஒண்ணுமில்லக்கா, லேசா தலைய வலிக்குது" என்று இறங்கி வந்தான். உன் அடுத்த அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். ரொம்பப் பயந்துபோயிருக்கிறான். "மாமா இன்னா சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

நடுவில் ஒரே ஒரு சுவர்தான். விழித்ததும் அதைத் தட்டு நைனா. நீ இருக்கிறாய் என்று அவனுக்குத் தெரியட்டும்.

உன் மதி