லயத்துக்கு எதற்குக் கம்பியூட்டர் புத்தகம்

16.06.2008, திங்கள்

விடாத மழை. வட்டகொடை ஸ்டேஷனுக்கு நடந்ததில் செருப்பு அறுந்தது. ரயில் நாற்பது நிமிடம் தாமதம்.

வேலைக்கு எழுதிப் போட்ட கண்டி கம்பெனியிலிருந்து ஈமெயில். பரீட்சைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! ஜூலை 12, சனி, காலை 9. இருப்பது இரண்டே இரண்டு இடம். பாடத்தில் பாதி எனக்குத் தெரியும். மீதிப் பாதி லிங்க் (LINQ). புதிதாக வந்தது. இதுவரை தரவுத்தளத்திடம் ஒரு மாதிரி கேட்டோம், நிரலுக்குள் இருக்கும் பட்டியலை வேறு மாதிரி துழாவினோம். இனி எதனிடமும் ஒரே விதமாகக் கேள்வி கேட்கலாமாம். நான் கண்டதில்லை. ஹட்டனில் நான் படிப்பிக்கும் கம்பியூட்டர் சென்டரில் ஒருவருமே கண்டதில்லை.

26 நாள். நல்ல புத்தகம் ஒன்று வேண்டும்.

தர்மா சேரிடம் மட்டும் சொன்னேன். பகலில் ஸ்கூலில் கணக்குப் படிப்பிக்கிறார், பின்னேரம் எங்கள் சென்டரில். யாழ்ப்பாணத்து மனிதருக்கு எல்லாம் லேசு. "நீர் ஏன் புத்தகத்துக்கு அலையிறீர்? எல்லாம் நெற்றில கிடக்குத்தானே."

கிடக்கும். சென்டரில் ஒரு லைன். போனுக்கும் அதுதான். யாராவது கோர்ஸ் விசாரிக்கக் கூப்பிட்டால் பக்கம் பாதியில் அறுந்துவிடும்.

19.06, வியாழன்

ஹட்டன் கடைகள்.
1. பாஸ்ட் பேப்பர், பஞ்சாங்கம். கம்பியூட்டர் என்றதும் சிரித்தார்.
2. "இருக்கே" என்று டைப்பிங் கைடு எடுத்துத் தந்தார்.
3. முப்பது நாளில் எல்லாம் கற்பிக்கும் ஒரு புத்தகம். கேள்வி மொழிக்கு ஒன்றரைப் பக்கம். கம்பியூட்டரை எப்படி ஓன் பண்ணுவது என்று நாலு பக்கம்.

அம்மாவுக்குச் சளி. சுக்கு வாங்க மறந்துவிட்டேன்.

21.06, சனி

கண்டி. போக வர பஸ்ஸில் ஆறு மணித்தியாலம். பெரிய கடை, தடிப் புத்தகம், மேலே பிளாஸ்டிக் உறை. பிரிக்கக் கூடாதாம். பின்னட்டையை வாசித்தேன். பழைய பதிப்பு, லிங்க் வருவதற்கு முந்தியது. ஆனால் முன்னட்டையில் 'புதியது' ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சொன்னேன். "இது கஷ்டமான புத்தகம், உங்களுக்கு விளங்காது" என்கிறார் கடைக்காரர். எனக்கு விளங்காதாம்! ஸ்டிக்கர் ஒட்டிய அவருக்கு விளங்கியதாக்கும்.

24.06, செவ்வாய்

கிடைத்தது. கிடைக்கவில்லை.

டவுன் லைப்ரரியில் இருக்கிறது! வெளிநாட்டில் இருக்கும் யாரோ அன்பளித்த புத்தகக் கட்டில் ஒன்று. மஞ்சள் அட்டை, 240 பக்கம். முதல் பக்கத்திலேயே ஐந்து பெயர்கள் உள்ள பட்டியல், ஒரு கேள்வி, அதற்கு விடை. பிறகு உள்ளே என்ன நடந்தது என்று விளக்கம். வேண்டுமென்றே பிழையாக எழுதிக் காட்டி, ஏன் பிழை என்றும் சொல்கிறான் எழுதியவன். புத்தகம் என்றால் இது. மத்தியான இடைவேளையில் முப்பது பக்கம் நின்றபடியே வாசித்தேன்.

அங்கத்துவம் கேட்டேன். டவுன் எல்லைக்குள் வீட்டு வரி கட்டுகிற ஒருவர் பிணை நிற்க வேண்டும். எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், தேயிலைத் தோட்டக் கம்பெனியுடையது. தாத்தா பிறந்ததும் அந்த லயத்தில்தான், நானும் அங்கேதான். வரி கட்ட எங்களுக்கென்று ஒரு சுவர் கிடையாது. இதே டவுனில் ஆறு வருஷமாகப் படிப்பிக்கிறேன், அது கணக்கில் வராதாம். தர்மா சேரைக் கூட்டிப்போனேன். "நானும் வாடகைக்குத்தான் இருக்கிறன் பிள்ளை" என்று தலையைச் சொறிந்தார். லைப்ரரி அம்மா நல்லவர்தான். சிங்களத்தில் தங்கச்சி என்றே கூப்பிட்டார். "நங்கி, நான் என்ன செய்ய, ரூல்ஸ்." அங்கேயே இருந்து படிக்கலாம் என்றால் ஐந்து மணிக்குப் பூட்டுகிறார்கள். எனக்கு வகுப்பு முடிவது ஐந்தரை.

பத்திக்கொண்டு வருகிறது.

26.06, வியாழன்

கொழும்புக் கடைக்குப் போன் செய்தேன். அதே புத்தகம், ஒரே ஒரு பிரதி. இந்த யுத்த நேரத்தில் தமிழ்ப் பெயரோடு நேரில் போவதென்றால் லொட்ஜ், பொலிஸ் பதிவு, எதற்கு வந்தாய், யாரைப் பார்க்க வந்தாய். வேண்டாம். பாங்கில் காசு போட்டுவிட்டேன், பதிவுத் தபாலில் அனுப்புகிறார்கள். சென்டர் விலாசம் கொடுத்தால் நான் வேலை மாறப் பார்ப்பது முதலாளிக்குத் தெரிந்துவிடும். அதனால் என் பெயர், 14ஆம் லயம், தோட்டத்துப் பெயர், வட்டகொடை.

03.07, வியாழன்

புத்தகம் வரவில்லை. தோட்டத்துத் தபால் எல்லாம் ஒரே பையில் ஆபீஸுக்குத்தான் போகும். ஜன்னலில் நின்று கேட்டேன். பெரிய கிளாக்கர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "வந்தா சொல்லி அனுப்ப மாட்டமா?"

9 நாள். மழை. உடுப்பு எதுவும் காயவில்லை.

07.07, திங்கள்

கொழும்புக் கடைக்காரர் சொல்கிறார்: 27ஆம் திகதியே அனுப்பியாயிற்று. 30ஆம் திகதி தோட்டத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

எடுத்திருக்கிறார்கள்!

08.07, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஆபீஸுக்குப் போனேன். ஜன்னல் வழியாகவே தெரிந்தது. கண்ணாடி அலுமாரியில், வொலிபோல் கப் பக்கத்தில், மஞ்சள் அட்டை. நிமிர்த்தி அழகுக்கு வைத்திருக்கிறார்கள்.

"ஐயா, அது என் புத்தகம்."

"ஒம்புஸ்தகமா? கம்பியூட்டர் புக்கும்மா அது. ஆபீஸுக்கு வந்துருக்கு."

"மேல என் பேரு எழுதி இருந்திச்சே."

"இருந்திச்சு. கடக்காரன் மாத்தி எழுதிட்டான்னு நெனச்சேன். லயத்துக்கு எதுக்கு கம்பியூட்டர் புக்கு?"

இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கிறார். அதுதான் வயிறு எரிகிறது. ஆபீஸில் இருக்கும் ஒரே கம்பியூட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது.

பாங்க் ரசீதைக் காட்டினேன். வாசித்தார். திருப்பித் தந்தார். புத்தகத்தில் தோட்டத்து முத்திரை குத்தியாகிவிட்டதாம், ரெஜிஸ்டரில் 212ஆம் இலக்கமாம். "பதிஞ்சத நான் எடுத்துக் குடுக்க ஏலாது. தொரை கையெழுத்து வைக்கணும். தொரை திங்கக்கெழமதான் கொழும்புலருந்து வருவாரு."

பரீட்சை சனிக்கிழமை. சொன்னேன். கொஞ்சம் யோசித்தார், பாவம். "வேணும்னா வராந்தாவுல ஒக்காந்து பாத்துட்டுக் குடு."

என் காசு. என் பெயர். நான் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

09.07, புதன்

போனேன். வேறு வழியில்லை. சென்டருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். எட்டரையிலிருந்து வராந்தாப் படியில். சாரல் அடித்தது, தாவணியால் மூடி மூடிப் படித்தேன். மூன்றாம் அத்தியாயம் வரை. முதல் பக்கத்தில் ஊதா முத்திரை, பாதி எழுத்து அதன் கீழே மறைந்துவிட்டது.

உள்ளே பெரிய கிளாக்கர் யாரோ வந்தவரிடம்: "நம்ம லயத்துப் புள்ளதான். பாருங்களேன், எவ்வளவு ஆர்வமா படிக்குதுன்னு."

பெருமைப்படுகிறார்!

பன்னிரண்டு மணி. "குடும்மா, சாப்பாட்டுக்குப் பூட்டப் போறேன்." எழுந்தேன். கொடுக்கத்தான் எழுந்தேன், சத்தியமாக. ரெஜிஸ்டர் ஜன்னல் கட்டையில் திறந்து கிடந்தது. பேனா என்னிடம் இருந்தது. 212க்கு நேரே எழுதினேன்: 'உரியவர் எடுத்துச் சென்றார்.' என் பெயர், 14ஆம் லயம், திகதி, நேரம். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

"ஏய், ஏய், நில்லு!"

நிற்கவில்லை. ஓடவுமில்லை. தேயிலை ஸ்டோர் திருப்பம் தாண்டியதும் செடி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

10.07, வியாழன்

சென்டரில் காய்ச்சல் விசாரித்தார்கள். இருமிக் காட்டினேன்.

ரயிலில் போக வர, இடைவேளையில், ரோட்டில் குடைக்குக் கீழே. ஏழாம் அத்தியாயம் வந்துவிட்டேன். சந்தோஷம், வாய்விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்! எங்கேயோ வெளிநாட்டு வாடிக்கையாளர் பட்டியல் வைத்து உதாரணம் சொல்கிறான். அதைத் தூக்கிவிட்டு எங்கள் லயத்தைப் போட்டேன். 24 காம்பிரா, 24 குடும்பம். ஓ.எல். பரீட்சை பாஸ் யார்? ஏழு பேர். அதில் தோட்ட வேலைக்குப் போகாதவர்? மூன்று. லைப்ரரி அட்டை உள்ளவர்? வெற்றுப் பட்டியல். விடை வெறுமையாக இருந்தால் அது பிழையல்ல என்று நாலாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டான். சென்டர் கம்பியூட்டரில் ஓட்டியும் பார்த்தேன், சரியாக வந்தது. தர்மா சேர் பின்னால் நின்று பார்த்தார். "எனக்கும் ஒருக்கா தாரும், உமக்குப் பிறகு."

அம்மா இன்றைக்கு நேரம் கழித்து வந்தாள். வந்ததும் படுத்துவிட்டாள். சளி போலிருக்கிறது.

11.07, வெள்ளி

நாளைக்கு: அடையாள அட்டை, பேனா 2, ஈமெயில் பிரிண்ட், குடை. ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

பின்னேரம் தண்ணீர்ப் பீலியில் பக்கத்துக் காம்பிரா ராணி அக்கா சொல்லித்தான் தெரியும். நேற்றுக் காலை பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், எல்லாருக்கும் முன்னால், கணக்கப்பிள்ளை அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாராம். "மகள அடக்கி வைக்கத் தெரியல, நீயெல்லாம் எதுக்கு?" நேற்றும் இன்றும் அம்மாவை அனுப்பியது உச்சி மலைக்கு. கானெல்லாம் ரத்தம் குடிக்கும் அட்டை நெளிகிற மலை அது, இந்த மழைக்கு யாரையும் அங்கே அனுப்ப மாட்டார்கள். முப்பத்தொரு வருஷம் கொழுந்தெடுத்த மனுஷி!

பெரிய கிளாக்கருக்கு என் மேல் கோபமென்றால் என்னிடம் காட்ட வேண்டியதுதானே. என் பெயரைத்தானே எழுதிவிட்டு வந்தேன். அம்மா பெயரையா எழுதினேன்? இவர்களுக்கு என்ன மனசு?

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கும்போது பார்த்தேன். இரண்டு காலிலும் முழங்கால் வரை ரத்தம். விரலிடுக்கில் ஓர் அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புப் போட்டு எடுத்தேன். அவள் கால் அசையவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ புஸ்தகத்தக் கொண்டுபோய்க் குடுத்திருப்ப."

கொடுத்திருப்பேன். நேற்றே கொடுத்திருப்பேன்.

சுடுதண்ணீர் வைத்தேன். அழுகையாக வந்தது, அழுதேன். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு புத்தகத்தை எடுத்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் புரட்டினாள். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். அறுபது பக்கம் என்றேன்.

"அப்பறம் என்னாத்துக்கு எங்காலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க?"