சதுப்புக்கு அடியில் நிலக்கரி

மார்ச் 4

மேட்டுச் சதுப்பில் இன்று கால் புதையவே இல்லை. காய்ந்த ரொட்டி மேல் நடப்பதுபோல் நொறுங்கியது. போன வருடம் அடியில் நிலக்கரி வெட்டினார்கள். சதுப்பின் தண்ணீரைத் தாங்கி நின்ற மணற்பாறை பிளந்துவிட்டது. சுரங்கக் கம்பெனி நிபுணர் லிண்டன் சொல்கிறார்: "மழை இல்லம்மா, வேற என்ன?" கூப்பிடு தூரத்தில் இன்னொரு சதுப்பு, அடியில் யாரும் வெட்டாதது, ததும்பி நிற்கிறதே! அதற்கு மட்டும் தனி வானமா?

மார்ச் 9

தம்பி க்ளின் வீட்டில் ஆட்டிறைச்சி விருந்து. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் எந்திரம் ஓட்டுபவனே அவன்தான். தும்பிக் குஞ்சுகள் ஈர மண்ணில் குழி தோண்டி வருடக்கணக்கில் வாழும், இப்போது மண் காய்ந்து வெந்து சாகின்றன என்றேன்.

"உன் தும்பி என் பிள்ளைங்களுக்குச் சோறு போடுமாக்கா?"

சாப்பாட்டைத் தட்டோடு வைத்துவிட்டு வந்தேன். திமிர் பிடித்தவன்.

மே 20

நஷ்டஈடாகக் கம்பெனிக்காரர்கள் வேறொரு சதுப்பை வாங்கிப் பாதுகாப்பார்களாம். என் வீட்டைக் கொளுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பூட்டு வாங்கித் தருவீர்களா? லிண்டனிடம் கேட்டே விட்டேன். சிரிக்கிறார், பாவி.

ஜூலை 2

நல்ல மழை. ஓடிப்போய்ப் பார்த்தேன். சல்லடையில் ஊற்றியதுபோல் எல்லாம் கீழே போய்விட்டது.

டிசம்பர் 18

கோடை. காட்டுத்தீ. எப்போதும் மேட்டுச் சதுப்பின் ஈரத்தோடு நின்றுவிடும். இம்முறை அதையும் தின்றது. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களோடு க்ளின் போயிருந்தான். ஃபோனில் சொன்னான்: "தண்ணி அடிச்சாலும் அணையலக்கா. மண்ணே எரியுது."

இப்போது தெரிகிறதா? — கேட்க வாயெடுத்தேன். "நீ பத்திரமா இருக்கியாடா?" என்றுதான் கேட்டேன்.

பிப்ரவரி 11

வுல்லாங்காங் நகர நீதிமன்றத்தில் சுரங்க வழக்கின் தீர்ப்பு. இன்னும் ததும்பி நிற்கும் அந்தப் பக்கத்துச் சதுப்புக்கு அடியிலும் வெட்ட அனுமதி. கத்தினேன். கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் க்ளின்.

"எதுக்குடா வந்தே? கொண்டாடவா?"

"நாளைக்கு அந்தச் சதுப்புக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

பிப்ரவரி 12

போனோம். க்ளின் குனிந்து பாசியை அழுத்தினான். விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தான்.

"அடுத்த மாசம் எந்திரம் இறங்குதுக்கா."

"ஓட்டப்போறது யாரு?"

"நான்தான்."

வருடம் முழுக்க அவனுக்கென்று வசவுகள் சேர்த்து வைத்திருந்தேன். அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.