நாற்காலிக்குக் கொலுசு

அன்புள்ள எதிராளிக்கு,

ஞாயிறன்று போனில், "வைகையில தண்ணி வருதா, இல்ல ஆறு அஞ்சாயிருச்சா?" என்று கேட்டீர்கள். பதில் சிலேடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பேசாம இருந்தா தோத்ததா அர்த்தம் புள்ள. காலேஜ்ல நாம போட்ட சட்டம்" என்று துபாயிலிருந்து சிரித்தீர்கள்.

நான் தோற்கவில்லை. அதற்கு முந்தின நாள் கோரிப்பாளையத்தில் ஒரு பஸ் காதருகே ஹாரன் அடித்தது. நானே பதறிப்போனேன். இடுப்பிலிருந்த பவதாரிணி பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வயதாகியும் பேசவில்லையே என்றால், "அவுக அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று உங்களைச் சொல்வார் அத்தை. அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். அத்தையிடம் சளி என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று அவள் கொலுசைக் கழற்றி, அவள் முதுகுக்குப் பின்னால் ஆட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து அழுதேன். அவள் கொலுசைப் பிடுங்கினாள். தன் காலைத் தொட்டாள், நாற்காலியின் காலையும் தொட்டாள். பிறகு கொலுசை நாற்காலிக்குச் சுற்றிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள்.

சிரித்துவிட்டேன்.

இனிமேல் சிலேடையைப் போனில் கேட்காதீர்கள். படமாக வரைந்து அனுப்புங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் எதிராளிகள் இருவர்