மஞ்சு விழுந்த முக்கு

அன்பு மகள் மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல, அது வலிக்காவிட்டால்தான் பயப்படவேண்டும். சாரல் ஆரம்பித்துவிட்டது. மாடியில் போட்ட துணி காயவே மாட்டேன் என்கிறது, வீடெல்லாம் ஈரத்துணி வாசம். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், குத்துக்கல்வலசை வரைக்கும் வெளியூர்க் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மன்சூர் பாய் மகன் முஃபீத் உங்கள் கனடாவுக்குத்தான் படிக்கப் போகிறான், அவனிடம் நேந்திரங்காய் சிப்ஸும் மோர்மிளகாய் வத்தலும் கொடுத்துவிடுகிறேன், கூடவே இந்தக் கடிதமும். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார்கள், அவர்களை வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றி நான் என்ன பேச.

விஷயம் அதுதான். அப்பாவை திருநெல்வேலி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அன்றைக்கு நீ போனில் அழுதாயே, அதற்குப் பிறகு நானும் சரியாகத் தூங்கவில்லை. மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனவர்கள் அதை அங்கேயே மறந்துவிட்டு டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்கள், அதைக் கேட்டதும் உன் தம்பி பாண்டிராஜ் சென்னையிலிருந்து பறந்துவந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் நல்ல மனுஷன். மாதம், கிழமை, பேரன் பேத்தி பெயர் எல்லாம் கேட்டார், அப்பா தடுமாறாமல் சொன்னார்கள். பிறகு, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோயிலுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். இத்தனை வருஷம் போலீஸில் ஏட்டாக இருந்து இந்த ஊர்த் தெருவில் நின்றவர்களிடம் இதையா கேட்பது என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அப்பா சொன்னார்கள், ஓலைக்கொட்டகை தாண்டி, புளியமரத்துப் பக்கம் திரும்பி, சோடா கம்பெனி வழியாகப் போய், மஞ்சு விழுந்த முக்கில் இடது பக்கம் திரும்பினால் கோபுரம் தெரியும் என்று. பாண்டிராஜ் செல்போனில் மேப்பைத் தடவித் தடவிப் பார்த்தான், அதில் கொட்டகையும் இல்லை, மரமும் இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று ராத்திரியே உனக்குச் சொல்லிவிட்டான். நான் எங்கேம்மா விழுந்தேன், அப்பாவுக்கு நான் விழுந்த மாதிரியெல்லாம் தோன்ற ஆரம்பித்துவிட்டதே என்று நீ அழுதாய். ஆடி முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் சென்னை வந்துவிட வேண்டும் என்று அக்காளும் தம்பியுமாக முடிவு செய்துவிட்டீர்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் தலையாட்டியது பயத்தில் ஆட்டியது.

பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. கூட வாழ்கிறவளுக்குத் தெரியாதா, மேப்புக்குத்தான் தெரியுமா என்று ஒரு கோபம். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவோம் என்று அப்பாவைக் கிளப்பினேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தோம். ஆட்டோ வேண்டாம், முழங்காலுக்கு நடை நல்லது என்று பொய் சொன்னேன். அவர்கள் முன்னால், நான் பின்னால், கல்யாணமான நாளிலிருந்து அதுதானே வழக்கம். வழிகாட்ட மாட்டேன், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் திட்டம். ஒரு போலீஸ்காரரைப் பின்னால் போய் உளவு பார்ப்பது எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சாரலில் நனைந்த தெருவில் நடந்து எத்தனை காலமாகிவிட்டது மஞ்சு. மல்லிகைப் பந்தும், வடை வேகும் எண்ணெய் வாசமும், ஈரச் சாக்கு வாசமும் சேர்ந்து ஒரு மணம் வருமே, அது அப்படியே இருக்கிறது. கடைகள்தான் எல்லாம் மாறிவிட்டன. கல்யாண மண்டபத்துக்கு எதிரே பூ விற்கிறவளிடம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, ஓலைக்கொட்டகை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மண்டபத்தைக் காட்டினாள். அங்கே படம் ஓடி எத்தனையோ வருஷமாகிறது. செல்போன் கடை வந்ததும் அப்பா திரும்பினார்கள். அதுதான் அப்பா சொன்ன புளியமரம். அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது பார், நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். கல்யாணமான புதிதில் திருவேங்கடத்திலிருந்து தனியாக பஸ்ஸில் வருகிறேன். புளியமரத்தடியில் நில், ட்யூட்டி முடிந்து வந்து கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார்கள். கரிசல் காட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த ஊரில் எதுவும் தெரியாது. மரத்தைத் தேடித் தேடி அலைந்துவிட்டு, துணிமூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். யூனிபார்மில் வந்து நின்று, "புளியமரத்தடியிலதான உக்காந்திருக்க, பெறகு எதுக்கு அழுத?" என்று கேட்டார்கள். அந்த மரத்தை அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்களாம். இந்த ஊர்க்காரர்கள் வழி சொல்லுகிற லட்சணம் அன்றைக்கே எனக்குத் தெரிந்ததுதான், டாக்டர் அறையில் பயத்தில் அது எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை. ஞாபகம் இல்லாதது அவர்களுக்கா எனக்கா என்று நீயே சொல்.

சன்னதித் தெருவில் போகும்போது அப்பா திடீரென்று குடையை மடக்கினார்கள். தூறல் நிற்கவில்லையே, ஏன் மடக்குகிறார்கள் என்று எனக்குத் திக்கென்றது. நான் என் குடையோடு போனேன். கோபுர வாசலில் காற்று வந்து ஒரு தள்ளு தள்ளியது பார், என் குடை வாயைப் பிளந்துகொண்டது, கம்பி இரண்டு போச்சு. கோபுரக் காற்று தெரியாத வெளியூர்க்காரி மாதிரி நிற்கிறாயே என்று கேலி வேறு. நீ சின்னப்பிள்ளையில் அந்தக் காற்றில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாயே, அதையும் சொன்னார்கள். சாமி கும்பிடும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை, குடை போனதற்கு நன்றி என்று மட்டும் சொன்னேன்.

ஆனாலும் அந்த முக்கு மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றதெல்லாம் ஊரில் இருந்து போனவை. நீ எங்கேயும் விழவில்லையே, விழுந்திருந்தால் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? திரும்பி வரும்போது ஒரு குடும்பம் அப்பாவை நிறுத்தி, ஐந்தருவி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டது. அப்பா கையை நீட்டி, மஞ்சு விழுந்த முக்கில் திரும்பி புளியமரத்தில் நில்லுங்கள் என்றார்கள். அந்தக் குடும்பத்து மனுஷன் செல்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சென்னைக்குப் போகவேண்டியதுதான் என்றே நினைத்துவிட்டேன். அப்போது ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஒரு பையன், இசக்கிதுரை என்று பெயராம், உன்னைவிடச் சின்னவன், அவன் சொன்னான், "ஏட்டையா சொல்லுத மாதிரியே போங்க சார். மஞ்சு விழுந்த முக்குலதான் எங்க ஸ்டாண்டே இருக்கு. யார்ட்ட கேட்டாலும் சொல்லுவாக."

அந்தக் குடும்பம் போனபிறகு நான் அவனிடம் யாரப்பா அந்த மஞ்சு என்று கேட்டேன். "தெரியாது ஆச்சி. நாங்க பொறக்கதுக்கு முன்னாடி விழுந்த ஆளு போல. பெரிய ஆளாத்தான் இருக்கணும், இல்லைன்னா இவ்வளவு காலம் பேரு நிக்குமா?" என்கிறான். அப்பா எங்களைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வாய் ஓரத்தில் சிரிப்பு.

அங்கேயே பிடித்துக்கொண்டேன், சொல்லாமல் நகரவிட மாட்டேன் என்று. நான் பாண்டிராஜ் பிரசவத்துக்குத் திருவேங்கடம் போயிருந்த சமயமாம். உன்னை சைக்கிள் முன் கம்பியில் வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்களாம். இதே மாதிரி சாரலில் சைக்கிள் வழுக்கி நீ ஒரு நாவல்பழக் கூடைக்குள் போய் விழுந்துவிட்டாயாம். ஒரு சிராய்ப்பு இல்லை. எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து பழத்தை எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டாய், பழக்காரி திட்டத் திட்ட கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்களாம். கறை பிடித்த கவுனை நான் வருவதற்குள் அப்பா ஒளித்துவிட்டார்கள். பிறகு அதே முக்கில் அவர்களுக்கு டிராபிக் ட்யூட்டி. வழி கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சு விழுந்த முக்கு என்றே சொல்லிச் சொல்லி, கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டு, இப்போது ஆட்டோக்காரர்கள் வரைக்கும் வந்துவிட்டது. வீட்டோடு கிடக்கும் என் காதுக்குத்தான் அது வரவே இல்லை. அப்புறம் மெதுவாக, "அவ கனடா போன பெறகு கொஞ்சம் கூடுதலாவே சொன்னேன், ஆவுட" என்று என்னைப் பேர்சொல்லிச் சொன்னார்கள்.

மஞ்சு, மறதியே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஸ்கூட்டரை விட்டுவிட்டு வந்தது உண்மைதான். சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன், டாக்டர் சொன்ன டெஸ்டுக்கும் போவோம், மாத்திரையும் நான் பார்த்துக் கொடுக்கிறேன். ஆனால் சென்னையில் அந்தப் பெரிய அபார்ட்மென்டில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கிறதே, அங்கே எது எங்கே இருந்தது என்று அப்பாவுக்கு என்ன தெரியும். அங்கே போனால்தான் உண்மையாகவே தொலைந்துபோவார்கள். இங்கே நாளைக்கு வழியில் திகைத்து நின்றாலும் யாராவது ஏட்டையா என்று கூப்பிட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், இசக்கிதுரையிடம் என் நம்பரும் கொடுத்துவைத்திருக்கிறேன். அதனால் நாங்கள் வரவில்லை. இதை பாண்டிராஜிடம் நீ சொல். நீ சொன்னால் கேட்பான். நான் சொன்னால் பிரஷர் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அவனையும் திட்டாதே, பாசத்தில்தான் பயப்படுகிறான்.

சிப்ஸ் டப்பாவைத் திறந்தால் காற்றுப் புகாமல் மூடிவை. தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே. காசிவிசுவநாதரும் உலகம்மனும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் துணையிருக்கட்டும், நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். அடுத்த சாரலுக்குக் கட்டாயம் வா. காரில் வீட்டு வாசலில் வந்து இறங்காதே, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வா. மேப் பார்க்காதே. மஞ்சு விழுந்த முக்கு எங்கே இருக்கிறது என்று யாரிடமாவது சிரிக்காமல் கேள். நீதான் அந்த ஆள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்பா அங்கே நின்றுகொண்டிருப்பார்கள், அவர்களே சொல்லட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
ப. ஆவுடைத்தாய்,
குத்துக்கல்வலசை.