அசாம் ஜாவாவின் சின்ன வட்டம்

நவ. 3, திங்கள்

மன்னிக்கவும், இந்நேரத்தில் எழுத வந்ததற்கு. யாரிடம் மன்னிப்பு கேட்கிறேனோ. நோட்டிடம்தான். மகன் தர்ஷன் இப்போதுதான் தூங்கினான். சாயங்காலத்திலிருந்து விடாத மழை. துணி ஒன்றும் காயவில்லை. தீபாவளி முறுக்கு நமத்துப்போயிற்று, கொட்ட வேண்டும்.

சங்கத்துக்கு நான் வரைந்த வரைபடம் அனுப்பியாயிற்று. பெற்றோர் பேர் கொடுத்த, பேச்சு வராத பிள்ளைகள் எங்கே எத்தனை பேர் என்று இடத்துக்கு ஒரு வட்டம். செந்தோசா 36. ஜெராம் 9. எங்கள் அசாம் ஜாவா 4. பேச்சுப் பயிற்சி டீச்சர் வாரம் இரண்டு நாள் வரப்போகிறார். இரண்டு நாளும் செந்தோசாவிலா, ஒரு நாளாவது இந்தப் பக்கம் எங்கள் மண்டபத்திலா? ஞாயிறு கூட்டத்தில் வரைபடத்தைப் பார்த்து முடிவு.

அந்த நான்கில் தர்ஷன் இல்லை. மூன்று வயது தாண்டிவிட்டது. இன்னும் ‘மா’ கூட இல்லை.

வீட்டுக்காரர் சரவணன்: “பேரு குடுத்தா ஊரே பேசும். ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்லா. எங்கண்ணன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு.”

பேர் கொடுக்காத பிள்ளைக்கு இடம் கிடையாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

நவ. 4, செவ்வாய்

காலையில் வெயில், மத்தியானம் மறுபடி இருட்டு. வாங்க: பால்மாவு, தர்ஷனுக்குப் பெம்பஸ், வெங்காயம்.

சங்கச் செயலாளர் மோகன் அண்ணன் போன். “செந்தோசா என்னா பெருசும்மா! நம்ம பக்கம் கொசு முட்ட மாரி இருக்கு. ரெண்டு நாளும் அங்கயே போட்டுடலாம் போல.”

போனை வைத்ததும் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையது. எண்ணை அப்படியே ஆரமாகக் கொடுத்திருக்கிறேன். 4க்கு 4 மி.மீ., 36க்கு 36 மி.மீ. பிள்ளைகள் ஒன்பது மடங்குதான். ஆனால் கண் பார்ப்பது பரப்பை, அது எண்பத்தொரு மடங்காகிவிட்டது. வர்க்கமூலம் எடுத்திருக்க வேண்டும். 2, 3, 6. படத்தில் தெரியும்படி இரண்டால் பெருக்கினால் ஆரம் 4, 6, 12. காலேஜில் முதல் வருடப் பாடம். அதைக்கூட மறக்கிற தலை.

நவ. 5, புதன்

திருத்தி அனுப்பினேன். மோகன் அண்ணன் சிரித்தார். “என்னம்மா, ஒரே ராத்திரியில செந்தோசாவப் பட்டினி போட்டுட்ட? சொந்த ஊருப் பாசமா?”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் படித்திருக்கிறேன். பெரிய வட்டத்தைக் கண் உள்ளதைவிடக் குறைத்தே மதிக்கும். அதற்காகப் பெரியதைக் கொஞ்சம் கூட்டி வரைகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் செந்தோசா 12 இல்லை, 14. ஏன் செய்யவில்லை? சரியான கணக்கு என்பதாலா, என் பிள்ளைக்கு வசதி என்பதாலா? இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

கடைசியில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எண்ணையே எழுதிவிட்டேன். கண்ணை நம்ப வேண்டாம், படித்துக்கொள்ளட்டும்.

தர்ஷனுக்கு லேசாகச் சளி.

நவ. 6, வியாழன்

தோட்டத்து லெட்சுமி அக்கா வாசலில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த நால்வரில் ஒருத்தி அவர் மகள். வரைபடம் வாட்சப்பில் சுற்றுகிறதாம்.

“எங்க லயத்து வீடெல்லாம் வட்டத்துக்கு வெளிய நிக்குதே. அப்ப எம்புள்ளைக்குக் கெடையாதா?”

முதலில் புரியவில்லை. பிறகுதான். போன மாதம் டெங்கிக்குப் புகை அடிக்க வந்தபோதும் வட்டம் போட்ட படம்தான் காட்டினார்கள். வட்டத்துக்கு உள்ளே இருந்த வீட்டுக்குப் புகை, வெளியே இருந்தால் இல்லை. “இது எல்லைக்கோடு இல்லக்கா. எத்தன புள்ளைங்கன்னு காட்டுது, அவ்ளோதான்” என்றேன்.

“அப்டியா.” போனைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். “நாலுன்னு போட்டுருக்கு. ஒம் மவனச் சேத்தா நாலு?”

“இல்லக்கா.”

“அட! வீடு வீடா வந்து ‘வெக்கப்படாதீங்க, பேரு குடுங்க’ன்னியே. ஒன் வீட்டுக்கு மட்டும் போவலியா?”

டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

நவ. 7, வெள்ளி

மழை. சரவணன் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும், தர்ஷன் பேரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“ஒண்ணு கூடுனா வட்டம் எவ்ளோ பெருசாவும்?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். “ஆரம் நாலுலேருந்து நாலரைக்குக் கிட்ட.”

“அர மில்லி. ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. அப்பறம் எதுக்கு அவன இழுக்கிற?”

அவர் சொன்னது நிஜம், யார் கண்ணுக்கும் தெரியாது. அவர் போய்ப் படுத்துவிட்டார்.

மத்தியானம் தர்ஷன் என் விரலைப் பிடித்து இழுத்துப்போய் என் கையைத் தண்ணீர்ப் போத்தல் மேல் வைத்தான். சத்தமே இல்லை. முகத்தையும் பார்க்கவில்லை. என் கை மட்டும் போதும் அவனுக்கு. நான் இல்லாத இடத்தில் இவன் தாகத்தை யாரிடம் காட்டுவான்?

நவ. 8, சனி

சளி குறையவில்லை. வெங்காயம் வாங்க மறந்தாயிற்று. இன்று எழுதி அனுப்பியதைச் சரவணனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சண்டை நிச்சயம். மோகன் அண்ணனுக்கு அனுப்பியது, இங்கேயும் ஒரு பிரதி:

“அண்ணே, மன்னிக்கணும். அசாம் ஜாவா 4 இல்ல, 5. அஞ்சாவது என் மகன் தர்ஷன். அவனுக்கு இன்னும் பேச்சு வரல. செந்தோசாவுக்கு எங்களால போய் வர முடியாது, அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், கார் அவரோட வேலைக்குப் போயிடும். எண்ண மாத்தி, வட்டத்தயும் மாத்தி இதோட அனுப்பியிருக்கேன். என் பிள்ளை இதுல இருக்கிறதால, நான் வரைஞ்சத வேற ஒருத்தர் சரிபார்க்கட்டும், எனக்கு வருத்தமில்ல. ஆனா அவன் பேர எடுத்துடாதீங்க. நாளைக்குக் கூட்டத்துக்கு முன்ன சீக்கிரம் பதில் போடுங்கண்ணே.”