பவளத்தின் குடல் ஓசை

நிலா நிலையம், லாயம். நாள் 31, காலை 6.10
பவளம், பெண் குதிரை, வயது ஏழு. இறங்கும்போது முன்காலில் விரிசல். வலிக்கு மார்ஃபின் மருந்து, வாய்வழி. குறைந்த ஈர்ப்பில் குதிரைக் குடல் இம்மருந்தை எவ்வளவு உறிஞ்சும் என்பதே ஆய்வு. ரத்தத்தைக் கருவி அளக்கிறது; கணக்கிட்டுச் சொல்பவன் பூமியில் துரைப்பாண்டி, என் கல்லூரித் தோழன். உறிஞ்சல்: இரண்டு விழுக்காடு. வயிற்றின் நான்கு பக்கமும் ஓசை நன்று. லத்தி ஒன்பது முறை.
இசக்கியம்மாள், கால்நடை மருத்துவர்.

நாள் 34, 6.15
ஓசை இடப்பக்கம் மட்டும். லத்தி மூன்று. கால் வலிக்க வலிக்க நிற்காமல் நடக்கிறாள். மார்ஃபின் மிஞ்சினால் குடல் அடங்கும், குதிரை அலையும்; மருந்து மிஞ்சியதுபோல் இருக்கிறது என்று துரையிடம் சொன்னேன்.
துரை: "ஏட்டி, இன்னும் வயித்துல காத வச்சிக்கிட்டா இருக்க? ரத்தத்துல ஒண்ணுமே ஏறல. டோஸ ரெட்டிப்பாக்கு."
எண் என்றால் எண்தானே. ரெட்டிப்பாக்கினேன்.

நாள் 36, 14.40
நான்கு பக்கமும் மௌனம். லத்தி இல்லை. தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அவசரப் பெட்டியில், மார்ஃபின் மிகுந்தால் கறுக்கும் சோதனைத் தாள் இருந்தது; அதில் எடுத்துவைத்த பழைய ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் ரத்தத்திலேயே தாள் கறுத்துவிட்டது.

நாள் 36, 15.20
துரை: "தெரியும் இசக்கி. மொத நாள்லேருந்தே நாப்பது விழுக்காடு ஏறுது. கொடலு எந்த அளவுல நிக்குன்னு பாக்கணும்லா. சொல்லியிருந்தா நீ குடுத்திருப்பியா?"
என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். பாவி.

நாள் 37, 11.45
குழாய் வழியே எண்ணெய், நீர். நரம்பில் திரவம். குடல் அசையவில்லை. உருளுகிறாள். கழுத்தைக் கட்டிக்கொண்டேன், முகத்தை என் தோளில் வைத்தாள். என்னை இன்னும் நம்புகிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைசி ஊசி 11.30.

நாள் 37, 13.00
துரை: "கொடல எடுத்து ஒறைய வையி. அடுத்த கப்பல்ல ரெண்டு குதிர ஏத்துறோம். அதுலயே நீ திரும்பி வந்துரலாம்."

நாள் 38, 7.00
காற்றழுத்தக் கணக்கை நானே திருத்தி, கருவியே சொல்வதுபோல் அனுப்பினேன்: நிலையம் கசிகிறது, உள்ளே உயிர் இல்லை, இறங்க இயலாது. அவன் எண்ணை நம்புகிறவன். கப்பலை நிறுத்திவிட்டதாக அறிவிப்பு வந்தது. குதிரைகள் வரமாட்டா. எனக்கும் வேறு கப்பல் கிடையாது.
காற்று நாற்பது நாளுக்கு இருக்கிறது. தொடர்புக் கருவியில் துரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், அழுகிறான் போலிருக்கிறது. நான் எடுக்கப் போவதில்லை.